மொட்டை மாடிக்கு நேர் கீழே: வெள்ளை பெயின்ட், ஃபேன், கூலர், ஏசி – எதில் முதலில் பணம் போடுவது?

மே மாதத்து இரவு ஒன்பது மணிக்கு, ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு தெர்மாமீட்டரும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் இன்னொன்றும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். ஆனால் கீழ்வீட்டில் இருப்பவர் ஃபேனைப் போட்டுத் தூங்கிவிடுவார். மேல்வீட்டில் இருப்பவர் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு விழித்திருப்பார். "எங்க வீடு அடுப்பா கொதிக்குது" என்று அவர் காலையில் சொல்வது மிகையே இல்லை. தெர்மாமீட்டர் காற்றின் சூட்டை அளக்கிறது. உடம்போ தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகக் கழிகிறது என்பதைத்தான் உணர்கிறது.

கோடை பிறந்ததும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி "ஏசி வாங்கிடலாமா?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நம் வீட்டில் உடம்பின் சூடு எந்த வழியில் போகமுடியாமல் அடைபட்டிருக்கிறது என்பதை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே குடியிருப்பவர் முதல் பணத்தைக் கூரையில் போட வேண்டும், அடுத்ததை நல்ல ஃபேனில். கூலர் வாங்கலாமா என்பதை உங்கள் ஊர் தீர்மானிக்கும். ஏசி கடைசியில் வரட்டும். வீட்டில் முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும்.

உடம்பு சூட்டைக் கழிக்கும் வழிகள்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தூங்கும்போது இது 70, 80 வாட்டாகக் குறையும். உண்டாகும் அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். இல்லையென்றால் 37 டிகிரியில் நிற்க வேண்டிய உள்சூடு ஏறத் தொடங்கிவிடும். கோடையில் தோலின் சூடு 34, 35 டிகிரி அளவில் இருக்கும். அந்தத் தோலிலிருந்து சூடு கழிய நான்கு வழிகள் உண்டு. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் இறங்கலாம். மேலே படும் காற்றோடு போகலாம். தொடாமலேயே கதிராகச் சுவருக்கும் கூரைக்கும் போகலாம். வியர்வை காயும்போது அதோடு போகலாம்.

தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகளுக்கு அறையின் சூடு தெரியாது. அவை இருக்கும் இடத்தின் சூடும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும்தான் அவற்றுக்குத் தெரியும். நெற்றியில் தைலம் தடவியதும் ஜில்லென்று இருக்கிறதே, அதற்குப் பெரும் காரணம் தைலத்தில் உள்ள மெந்தால். குளிரை உணரும் அதே புரதத்தை அது தூண்டிவிடுகிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் அந்தப் புரதத்தைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சூட்டையும் தொடுதலையும் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நாம் உணரும் குளிர்ச்சி வேறு, தெர்மாமீட்டர் காட்டும் எண் வேறு. ஃபேன், கூலர், ஏசி, பெயின்ட் என்று நாம் வாங்கும் ஒவ்வொன்றும் இந்த நான்கு வழிகளில் ஏதோ ஒன்றையோ இரண்டையோ திறந்துவிடும் கருவிதான். வேறு வழி அடைபட்டிருக்கும்போது தவறான கருவியை வாங்கினால் பணமும் போய்த் தூக்கமும் போகும்.

கூரை: யாரும் கணக்கில் எடுக்காத எதிரி

இரவு எட்டு மணிக்குக் கட்டிலின் மேல் ஏறி நின்று, உள்ளங்கையைச் சீலிங்குக்கு ஒரு ஜாண் கீழே மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். காற்று அசையாமல் இருக்கும்போதே உள்ளங்கையில் இளஞ்சூடு படுவது தெரியும். பிறகு கையைத் திருப்பித் தரையை நோக்கிப் பிடியுங்கள். சூடு உடனே விலகிவிடும். சுற்றியிருக்கும் காற்று இரண்டு நிலையிலும் ஒன்றேதான், கை பார்க்கும் திசை மட்டுமே மாறியது. இப்படித் தொடாமல் வந்து சேரும் சூடுதான் கதிர்வீச்சு. ராத்திரி முழுக்க மல்லாந்து படுத்திருக்கும் நம் முகத்தின் மேலும் மார்பின் மேலும் இது பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஏன் இரவில்? கான்கிரீட் தளம் சூட்டை உடனே உள்ளே விடாது. உச்சிவெயிலில் மேலே வாங்கியது ஐந்தாறு அங்குலம் கடந்து அடிப்பக்கத்துக்கு வர சில மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணி வெயில் நம் சீலிங்கில் உச்சம் தொடுவது சாயங்காலத்தில். அதன் பிறகு நள்ளிரவு தாண்டியும் தளம் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக்கொண்டிருக்கும். வெளியே கடற்காற்று வீசி ஊரே ஆறியிருந்தாலும் உள்ளே ஆறாது.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். சீலிங் 40 டிகிரியில் இருக்கிறது, உங்கள் தோல் 34இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சீலிங்குக்குச் சூட்டைக் கொடுப்பதற்குப் பதில் அங்கிருந்து வாங்கத் தொடங்கிவிடும். அதே சீலிங் 32இல் இருந்தால் கொடுக்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே, படுத்திருக்கும் ஒருவருக்கு 20 முதல் 25 வாட் வரை வித்தியாசம் வரும். தூங்கும் உடம்பு உண்டாக்குவதே 70, 80 வாட். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான சூடு கூரையால் மட்டும் கூடுகிறது. காற்று அதிகம் அசையாத அறையில், காற்றின் சூட்டையும் சுற்றியுள்ள சுவர், கூரைகளின் சராசரிச் சூட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைத்தான் உடம்பு கிட்டத்தட்ட உணர்கிறது. காற்று 33, சுற்றுப்புறப் பரப்புகள் சராசரியாக 37 என்றால் நீங்கள் இருப்பது 35 டிகிரி அறையில். தெர்மாமீட்டரில் 33தானே காட்டுகிறது என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது மேலே போவோம். வெறும் சிமென்ட் பூசிய மொட்டை மாடி, கொஞ்சம் பாசியும் தூசியும் படிந்து கறுத்திருந்தால், விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கையாவது விழுங்கும். புதிதாக அடித்த வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் கால் பங்கைத்தான் விழுங்கும், மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். பத்துக்குப் பத்து அறையின் கூரை ஏறக்குறைய 9 சதுர மீட்டர். கறுத்த தளத்துக்கும் வெள்ளைத் தளத்துக்கும் உச்சிவேளையில் மொத்தம் 4,000 வாட் அளவுக்கு வித்தியாசம் வருகிறது. ஒரு டன் ஏசி அகற்றும் சூடு சுமார் 3,500 வாட்! தளம் விழுங்கியது எல்லாமே அறைக்குள் வந்துவிடாது, பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் எந்த இடத்தில் சண்டை போட வேண்டும் என்பதை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன. உள்ளே வந்த சூட்டைக் கரன்ட் செலவழித்து வெளியே தள்ளுவதைவிட, வாசலிலேயே நிறுத்துவது மலிவு.

கூரைக்கு என்னென்ன செய்யலாம் என்றால், வழிகள் பல. மிக மலிவானது சுண்ணாம்பு. பசை கலந்து இரண்டு கோட்டிங் அடித்தால் முதல் கோடைக்கு அருமையாக வேலை செய்யும், மழையில் கரைந்து போகும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் சில வருஷம் தாங்கும், ஆனால் தூசி படிந்தால் வெண்மை போய்ப் பாதி வேலைதான் செய்யும். கோடையில் மாதம் ஒருமுறையாவது கழுவிவிட வேண்டும். வெள்ளை கூலிங் டைல்ஸ் நீண்ட நாள் வரும், செலவு கூட. தளத்தில் ஏற்கனவே ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் டைல்ஸ் பதிக்கவே கூடாது, தண்ணீர் அடியில் தங்கிவிடும். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அந்த வீடுகளில் சீலிங்கின் சூடு அவ்வளவு வதைக்காது, அந்தக் கனத்த அடுக்கு வெயிலைத் தாமதப்படுத்தியும் குறைத்தும் விடுகிறது. அதைப் பெயர்த்துவிட்டு வெறும் சிமென்ட் பூசும் வேலையை எந்த மேஸ்திரி சொன்னாலும் செய்யாதீர்கள்.

பந்தலும் நிழல்வலையும் தளத்தின் மேல் வெயிலே படாமல் தடுப்பவை. நடுவில் காற்றோட்டம் இருப்பதால் பெயின்ட்டைவிட நன்றாகவே வேலை செய்யும். கீற்றுப் பந்தலுக்குத் தீ பயமும், வருஷா வருஷம் மாற்றும் செலவும் உண்டு. தொட்டிச் செடிகள் நிறைந்த மாடித் தோட்டமும் உதவும், ஆனால் தளம் முழுக்க நிழல் விழுந்தால்தான். ஓரத்தில் பத்துத் தொட்டி வைத்தால் மனசு குளிரும், படுக்கையறை குளிராது.

உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுவது பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. தளத்தின் கதிர் நேராக உடம்பில் படுவதை அது தடுக்கும் என்பதால் பலன் உண்டு. ஆனால் வெயில் அப்படியே தளத்துக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இடைவெளியில் அடைபடும் சூடு மெல்ல மெல்ல இறங்கும், அறையின் உயரமும் குறையும். ஒரே பணத்தை மேலே வெள்ளையடிக்கவா கீழே ஃபால்ஸ் சீலிங்குக்கா என்றால் மேலேதான். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், ஒரு யூனிட் கரன்ட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு ஈடான சூட்டைக் கொண்டுபோகும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்ட வீடுகள். அங்கே தாமதமே கிடையாது. வெயில் ஏறிய சிறிது நேரத்தில் ஷீட்டின் அடிப்பக்கம் கொதிக்கும், சூரியன் சாய்ந்ததும் ஆறிவிடும். கான்கிரீட் வீட்டுக்காரருக்கு ராத்திரி நரகம் என்றால் ஷீட் வீட்டுக்காரருக்குப் பகல் நரகம். பகலில் வீட்டிலேயே தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் இது உடல்நலப் பிரச்சினை. வெள்ளை பெயின்ட் மிக அதிகமாக, மிகச் சீக்கிரமாகப் பலன் தருவதும் இப்படிப்பட்ட கூரையில்தான். தெலங்கானா அரசு 2023இல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அகமதாபாத் நகராட்சி குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. அந்தப் பேரிடரின் முதல் தடுப்பு நம் ஏழைகளின் கூரையில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபேன்: காற்றைக் குளிர்விக்காது, உங்களைக் குளிர்விக்கும்

ஃபேன் காற்றின் சூட்டைக் குறைப்பதில்லை. அதன் மோட்டார் தன் பங்குக்கு அறையில் கொஞ்சம் சூட்டைக் கூட்டவே செய்கிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் வீண்தான். ஆனால் ஆள் இருந்தால் இரண்டு வழிகளை ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. தோலை ஒட்டி ஒரு மெல்லிய, வெதுவெதுப்பான, ஈரமான காற்றுப்படலம் போர்த்தியதுபோல் நிற்கும். ஃபேன் அதை விரட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்குப் புதுக் காற்று வரும், வியர்வையும் காயும். உடம்பில் உறைக்கும் அளவுக்குக் காற்று பட்டால் அறை இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் உணர்வோம்.

"ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது" என்று மேல்மாடிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சூடான சீலிங்கை ஒட்டி நிற்கும் காற்று அறையின் மற்ற காற்றைவிடச் சூடானது. சீலிங் ஃபேன் அதைத்தான் முதலில் அள்ளிக் கீழே தள்ளும். இதற்குப் பெரிய ஃபேன் மருந்தில்லை. சாயங்காலம் வெளிக்காற்று ஆறியதும் ஒரு ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனையோ ஜன்னலை நோக்கி வெளியே ஊதும் டேபிள் ஃபேனையோ ஓடவிடுங்கள். சூடான காற்று வெளியே போய் ஆறிய காற்று உள்ளே வரும். ஏழு மணியிலிருந்து படுக்கும்வரை இப்படிச் செய்தால் அதற்குப் பிறகு சீலிங் ஃபேன் தரும் சுகமே வேறு. கொசுவுக்குப் பயந்து ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்துபவர்கள் ஒரு கொசுவலை ஃப்ரேமுக்குச் செலவழித்தால் அதுவும் குளிர்ச்சிக்கான செலவுதான்.

ஃபேனுக்கு எல்லை உண்டு. காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், அதாவது 35க்கு மேல் போனால், வீசும் காற்று உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கத் தொடங்கும். அப்போதும் வியர்வை காய்வதால் கிடைக்கும் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடும், கொஞ்ச தூரம் வரை. 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்பியிருக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலூரிலோ கரூர் பரமத்தியிலோ மே மாத மதியத்தில் இது ஏட்டுச் செய்தி இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஃபேனுக்கு எதிரே வெறுமனே உட்காராமல், கையையும் கழுத்தையும் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். உடம்பு வியர்க்காத அளவை நாம் தண்ணீராகக் கொடுக்கிறோம். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு என்பதால் அவர்களுக்கு இது மிகவும் தேவை.

வாங்குவதென்றால் பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த கரன்ட்டில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாத பில்லில் 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் ஓடும் வீட்டில் ஏறக்குறைய நூறு யூனிட்.

கூலர்: வேலூருக்கு ஒரு பதில், சென்னைக்கு வேறு பதில்

மண்பானைத் தண்ணீரைப் பற்றி யோசித்தால் கூலரைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. அதே பானை வேலூர் மதியத்தில் ஜில்லென்று தண்ணீர் தரும், சென்னையில் ஏதோ பரவாயில்லை என்ற அளவில் நின்றுவிடும். கசியும் ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை.

எண்ணிலேயே சொல்கிறேன். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்ற உள்மாவட்ட மதியத்தில், நல்ல ஹனிகோம்ப் பேட் (தண்ணீரில் நனைந்து நிற்கும் தேன்கூடு போன்ற அட்டை) உள்ள கூலர் 28 டிகிரி அளவில் காற்றை வெளியே விடும். 12 டிகிரி குறைவு, அதுவும் 200 வாட்டுக்குள். இதற்கு இணையான மலிவுச் சுகம் வேறில்லை. காற்று 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்ற சென்னை சாயங்காலத்தில் அதே கூலர் 31 வரைதான் இறக்க முடியும். இறக்கும்போது காற்றில் ஈரத்தையும் நிறைத்துவிடும். முதல் பத்து நிமிடம் முகத்தில் ஜில் காற்று படுவது சுகமாகத்தான் இருக்கும். பிறகு வியர்வை காயாது, உடம்பு பிசுபிசுக்கும், பெட்ஷீட் ஈரமாகத் தொடும், சமையலறையில் உப்பு கட்டிபிடிக்கும். காற்று வழியில் கொஞ்சம் கொடுத்து, வியர்வை வழியை அடைத்துவிடுகிறது. பலர் ஏசிக்குச் செய்வதுபோல் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கூலரைப் போடுகிறார்கள். அது எந்த ஊரிலும் தப்பு. கூலருக்கு வெளிக்காற்று உள்ளே வரவும் ஈரக்காற்று வெளியே போகவும் வழி வேண்டும். ஜன்னலில் வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் சரியான முறை.

ஆக வேலூர், திருத்தணி, கரூர், ஈரோடு, மதுரை, திருச்சி பக்கத்துக் கோடை மதியங்களுக்குக் கூலர் வாங்கலாம், ஏசிக்கு முன்பே வாங்கலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரையை ஒட்டிய ஊர்களுக்கு வேண்டாம். கடையில் "ஹியூமிடிட்டி கன்ட்ரோல் இருக்கு சார்" என்பார்கள். பெரும்பாலும் அது பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடும் பட்டன்தான். எந்த ஊரானாலும் வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையிடும் இடங்களில் கூலர் தொட்டியும் ஒன்று.

ஏசி: ஈரத்தை எடுப்பதுதான் அதன் பெரிய வேலை

கடற்கரை ஊர்களில் ஏசி தரும் நிம்மதியில் பாதி, குளிரால் வருவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடுவதால் வருகிறது. சென்னை சாயங்காலக் காற்றில் வியர்வை காய்வதற்கு இருக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால், 26 டிகிரியில் 55 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் அந்த வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஃபேன்போல் இருக்கும் காற்றையே வீசாமல், காற்றைக் குளிரவும் உலரவும் வைத்துக் காற்று வழி, வியர்வை வழி இரண்டையும் ஒருசேரத் திறக்கும் கருவி இது ஒன்றுதான். அதனால்தான் இதற்கு மாற்றே இல்லாத சூழல்களும் இருக்கின்றன.

ஆனால் கொதிக்கும் கூரைக்குக் கீழே வைத்த ஏசியின் நிலைமை பரிதாபம். தெர்மோஸ்டாட்டுக்குக் காற்றுதான் தெரியும். 24 வந்துவிட்டது என்று அது நிறுத்தும்போது சீலிங் இன்னும் 38இல் இருக்கலாம். முகத்தில் சூடு படும், காலில் குளிர் ஏறும். தலைக்கு மேலே சூடும் கீழே குளிரும் என்ற சேர்க்கை மனித உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று. உடனே ரிமோட்டை எடுத்து 18 வைப்போம். விடிகாலையில் தளம் ஆறியதும் அதே 18 உறைய வைத்து எழுப்பிவிடும், போர்வையைத் தேடுவோம். இந்த வீடுகளில் "ஒன்றரை டன் பத்தலை, ரெண்டு டன் போடணும்" என்று யோசனை சொல்வார்கள். டன்னைக் கூட்டுவதற்கு முன் தளத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கூரைக்கு வெள்ளையடித்த வீட்டில் ஏசியை 26, 27இல் வைத்து, சீலிங் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலே நன்றாகத் தூங்கலாம். மின்சாரச் சேமிப்புக்கான மத்திய அமைப்பு, 2020 ஜனவரியிலிருந்து ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி ஆக்கியிருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதும் அதன் கணக்கு.

பில்லையும் பார்த்துவிடுவோம். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் இழுத்து, இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். நம் ஊரில் 500 ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறாது, கீழ்ப்படியில் இருந்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும். ஏசியை இரண்டு டிகிரி கூட்டி வைப்பதும் ஃபேனைப் பிஎல்டிசியாக மாற்றுவதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க உதவும் என்றால், அந்த மிச்சம் பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது.

படுக்கையும் ஒரு வழிதான்

இதற்கு யாரும் செலவுக் கணக்கு எழுதுவதில்லை. கனத்த ஃபோம் மெத்தையில் படுத்தால் முதுகுப் பக்கம் முழுவதும் சூடு கழியாமல் அடைபடும். அதில் சூடும் கடக்காது, வியர்வையும் காயாது. மேலே சீலிங் சுடுகிறது, கீழே மெத்தை அடைக்கிறது, நடுவில் நாம். இலவம்பஞ்சு மெத்தை கொஞ்சம் பரவாயில்லை. கயிற்றுக் கட்டிலில் கீழிருந்தும் காற்று வரும். தரைத்தளத்து ரெட் ஆக்சைடு தரையில் கோரைப்பாய் விரித்துப் படுப்பவருக்குத் தரையே சூட்டை வாங்கிக்கொள்ளும். வெறும் தரையும் பாயும் ஒரே சூட்டில் இருந்தாலும் தரை ஜில்லென்று இருப்பதற்குக் காரணம், அது நம் சூட்டை வேகமாக உள்ளே இழுப்பதுதான். மேல்மாடியில் மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். சாயங்கால வெயிலை வாங்கிய அந்தச் சுவரும் சீலிங்கைப் போலவே இரவெல்லாம் கதிரை வீசும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ கட்டுவது மேல், வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிடும்.

யாருக்கு எது

சொந்த வீடு, கான்கிரீட் தளம், கையில் கொஞ்சம் பணம் என்றால் இந்த வருஷம் கூரை, ஒரு நல்ல ஃபேன், ஒரு எக்ஸாஸ்ட். ஒரு கோடை இதோடு இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஏசி வேண்டுமென்றால் வாங்குங்கள், அப்போது சின்ன டன்னே போதும் என்பது தெரியும். அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருப்பவர்கள் அசோசியேஷனில் பேசியாக வேண்டும், மொட்டை மாடி பொதுச்சொத்து. கீழ்மாடிக்காரர்களுக்கு இதில் லாபம் குறைவு என்பதால் செலவைப் பகிரத் தயங்குவார்கள். வாட்டர்ப்ரூஃபிங் வேலையோடு சேர்த்து வெள்ளை கோட்டிங் கேட்டால் சம்மதம் எளிதில் கிடைக்கும்.

வாடகை வீட்டில் தளத்தைத் தொட உரிமையாளரின் அனுமதி வேண்டும். "சுண்ணாம்பு நான் வாங்கித் தரேன், ஆள் கூலி நீங்க குடுங்க" என்று கேட்டுப்பாருங்கள், பலர் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் தூக்கிக்கொண்டு போகக்கூடியவற்றில் பணம் போடுங்கள்: பிஎல்டிசி ஃபேன், ஜன்னல் தட்டி, உள்மாவட்டம் என்றால் கூலர்.

வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ இருந்தால், இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், கைக்குழந்தை இருந்தால், ஒரு அறைக்காவது ஏசி முதலில் வரட்டும். முதுமையில் வியர்வையும் குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடம்பின் நீரையும் குறைக்கும். "எனக்கு ஒண்ணும் செய்யலப்பா, ஃபேன் போதும்" என்று அவர்கள் சொல்வது சிக்கனத்தினால் மட்டும் இல்லை, உடம்பு சூடேறுவது உண்மையிலேயே அவர்களுக்கு உறைப்பதில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போட வேண்டாம். கரன்ட் பில்லுக்குப் பயந்து அவர்களே அணைத்துவிடுவார்கள், அதனால் 27இல் வைத்து ரிமோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை வேலையை மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். சித்திரை பிறந்தால் பெயின்டர் கிடைப்பது கஷ்டம், கூலியும் ஏறிவிடும். முதல் நாள் தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியை முழுவதும் எடுத்துக் கழுவிக் காயவிடச் சொல்லுங்கள். விரிசல்களை அடைத்த பிறகுதான் பெயின்ட். தளம் சுடும் நேரத்தில் அடித்தால் பெயின்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்து பின்னால் செதில் செதிலாக உரியும், அதனால் காலை ஒன்பது மணிக்குள் ஒரு கோட்டிங், மறுநாள் காலையில் அடுத்தது.